ஹெச்.ஓ.ஏ. உள்ள வீடு வாங்கலாமா? மாதக் கட்டணத்தை விடுங்கள், சங்கத்தின் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி இதுதான். டல்லாஸ் பக்கம் முதல் வீடு தேடும் ஒரு தம்பதி, கடைசியில் இரண்டு வீடுகளில் வந்து நிற்கிறார்கள். ஒன்று ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் கம்யூனிட்டியில்; நீச்சல்குளம், கிளப்ஹவுஸ், நடைபாதை எல்லாம் உண்டு, மாதம் 110 டாலர் ஹெச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான கட்டணம். இன்னொன்று பிளேனோவில் 1980களில் கட்டியது, ஹெச்.ஓ.ஏ. என்ற பேச்சே கிடையாது. கணவருக்குப் புது வீடு பிடித்திருக்கிறது. மனைவி, "நம்ம வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கணும்னு இன்னொருத்தர் சொல்றதா" என்கிறார். எதை எடுக்கலாம்?

டெக்சாஸில் இரண்டு வகை வீட்டிலும் நான் இருந்திருக்கிறேன், ஒரு சங்கத்தின் போர்டிலும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 110 டாலரை வைத்தும் முடிவெடுக்காதீர்கள், பெயின்டை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். சங்கத்தின் பெயரில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். குளம், பூங்கா, தனியார் சாலை, கேட், ஏரிக்கரைச் சுவர், டவுன்ஹோம் (ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) என்றால் கூரை. இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் உங்கள் கவலை பணத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர்ப்பலகையும் நாலு பூச்செடியும் மட்டும்தான் என்றால், அந்தச் சங்கத்துக்குச் செய்வதற்கு வேறு வேலை இல்லை, உங்கள் குப்பைத்தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில், இது பிடித்தால் சேர்ந்து பிடிக்காவிட்டால் விலகும் சங்கம் இல்லை. நிலத்தை மனை பிரிக்கும்போதே டெவலப்பர் ஒரு பத்திரத்தைக் கவுண்டியில் பதிந்துவிடுகிறார். விதிமுறைகள், கட்டணம் வசூலிக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கும், பேச்சுவழக்கில் சி.சி.ஆர். என்பார்கள். அது மனையோடு ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் யார் வாங்கினாலும் தானாகவே உறுப்பினர், விலக ஒரே வழி வீட்டை விற்பது. ஊரில் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இங்கேதான் கணக்கு தப்புகிறது. அங்கே மெயின்டனன்ஸ் கட்டாமல் வருடக்கணக்கில் இழுத்தடிப்பவரை லிஃப்டில் பார்த்து முறைப்பதைத் தவிர செயலாளரால் பல சமயம் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இங்கே பாக்கி வீட்டின் மேல் லியனாக, அதாவது சொத்தைப் பிடித்துவைக்கும் கடன் உரிமையாக உட்காரும், அதை வைத்து வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2001ல் ஹூஸ்டனில் எண்பதைக் கடந்த ஒரு பெண்மணியின் வீடு, மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர், 800 டாலர் சொச்சம் பாக்கிக்காக 5,000 டாலருக்கு ஏலம் போனது. அதில் கிளம்பிய கொதிப்பின் நடுவே, அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் வீட்டு உரிமையாளர்களுக்கான பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அப்படியும் 2008ல், இதே ஃபிரிஸ்கோவில், ஈராக்கில் பணியில் இருந்த ஒரு ராணுவ கேப்டனின் வீடு, வங்கிக் கடன் ஒரு டாலர்கூட இல்லாத மூன்று லட்சம் டாலர் வீடு, ஆயிரத்துக்கும் குறைவான பாக்கிக்காக 3,500 டாலருக்கு விற்கப்பட்டது. வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்திருக்கின்றன. வழக்குப் போட்டு 2010ல்தான் வீடு திரும்பக் கிடைத்தது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். அபராதத் தொகையை மட்டும் காரணம் காட்டி ஏலம் விட முடியாது, ஏலத்துக்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், தவணையில் கட்ட வழி தர வேண்டும், விற்றுவிட்டாலும் சங்கம் நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 180 நாள்களுக்குள் பணத்தைக் கட்டி மீட்கலாம். ஆனால் கட்டணப் பாக்கிக்கு ஏலம் விடும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது.

சரி, இவ்வளவு வில்லங்கம் இருந்தும் ஏன் எங்கே பார்த்தாலும் ஹெச்.ஓ.ஏ.? 1970ல் அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் 10,000தான். இன்று 3.6 லட்சத்துக்கும் மேல், ஏழரைக் கோடிப் பேர் இவற்றுக்குள் வாழ்கிறார்கள். மக்கள் ஆசைப்பட்டுக் கேட்டு வந்ததில்லை இது. நகராட்சிகளுக்கு இது லாபம்: பூங்கா, மழைநீர்க் குளம், சில இடங்களில் சாலைகூட, பராமரிப்பு முழுக்கச் சங்கத்தின் தலையில் விழும், சொத்துவரி மட்டும் நகராட்சிக்கு வரும். டெவலப்பருக்கும் லாபம், விற்கும்போது காட்ட ஒரு குளம் கிடைக்கிறது. ஆக, புதிதாகக் கட்டும் இடத்தில் ஹெச்.ஓ.ஏ. இல்லாத வீடு வேண்டும் என்று தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதன் பூர்வீகமும் அவ்வளவு அழகானதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த மாதிரிப் பத்திரங்கள் பலவற்றில், வெள்ளையர் அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்றே ஒரு வரி இருக்கும். அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948ல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில். ‘அக்கம்பக்கத்தின் தரத்தைக் காப்பது’ என்று கூட்டத்தில் யாராவது உருகிப் பேசும்போது எனக்கு அந்த வரி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும், நிஜமாகவே இருக்கிறது. ஹூஸ்டனைப் பாருங்கள், எங்கே வீடு, எங்கே கடை என்று பிரித்துவைக்கும் வழக்கமான மண்டலச் சட்டமே (ஸோனிங்) இல்லாத பெரிய நகரம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் டயர் கடை வராமல் தடுப்பது பெரும்பாலும் பத்திரத்தில் இருக்கும் இந்தக் கட்டுப்பாடுகள்தான், அவற்றை மீறினால் நகராட்சியே வழக்குப் போடும் அளவுக்கு அங்கே அவை முக்கியம். விலையிலும் வித்தியாசம் தெரிகிறது. 2019ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, ஹெச்.ஓ.ஏ. உள்ள வீடுகள் அதே மாதிரியான மற்ற வீடுகளைவிடச் சராசரியாக 4 சதவீதமாவது கூடுதலாக விற்பதாகக் காட்டியது. அப்புறம் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கோடையில் நடந்துபோகும் தூரத்தில் ஒரு குளம் என்பது, ஜூலை மாத டெக்சாஸ் வெயிலில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். அதே குளத்தை உங்கள் கொல்லைப்புறத்தில் கட்டினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 110 டாலர் ஒன்றுமே இல்லை.

இப்போது பணம். குறைந்த கட்டணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், நான் அதைத்தான் சந்தேகமாகப் பார்ப்பேன். 400 வீடுகள், மாதம் 110 டாலர் என்றால் வருடத்துக்கு 5,28,000 டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். அதில் மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு, புல் வெட்டுகிறவருக்கு, பொது இடத் தண்ணீர் பில்லுக்கு, குளத்தைப் பராமரிப்பவருக்கு, காப்பீட்டுக்கு என்று போனது போக, பத்து வருடம் கழித்துக் குளத்துக்கு மறுபூச்சு போடவும் மதிலை எடுத்துக்கட்டவும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? அந்த ஒதுக்கீட்டுக்குப் பெயர் ரிசர்வ். இவ்வளவு ரிசர்வ் வைத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, அதனால் கட்டணத்தைக் கூட்டாமல் நல்ல பெயர் வாங்க நினைக்கும் போர்டு முதலில் கைவைப்பது இதில்தான். ஒருநாள் செலவு வந்து நிற்கும்போது ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று ஒரு கடிதம் வரும், ஒவ்வொரு வீடும் இத்தனை ஆயிரம் டாலர் இந்தத் தேதிக்குள் கட்டுக என்று. இதன் உச்சகட்ட உதாரணம் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு. பழுது பார்க்க ஒன்றரைக் கோடி டாலர் வசூலிப்பதாக 2021 ஏப்ரலில்தான் சங்கம் முடிவெடுத்தது. ஜூன் 24 அன்று கட்டடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அது அடுக்குமாடி, உங்கள் தனி வீட்டுக்கு அப்படி ஒரு ஆபத்து கிடையாது. ஆனால் செலவைத் தள்ளிப்போடும் புத்தி எல்லாச் சங்கத்துக்கும் பொது.

டவுன்ஹோம் பக்கம் மனசு போனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் ஆலங்கட்டி மழைக்குப் பஞ்சமில்லை, கூரை சங்கத்தின் பொறுப்பாக இருந்தால் அதன் காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இருக்கும். இரண்டு கோடி டாலர் மதிப்புக்கு 2 சதவீதம் என்றால் முதல் 4 லட்சம் டாலர் சங்கத்தின் கையிலிருந்து போக வேண்டும், 80 வீடுகள் பகிர்ந்தால் ஆளுக்கு 5,000. உங்கள் சொந்த பாலிசியில் லாஸ் அசெஸ்மென்ட் என்ற பகுதியைச் சேர்த்துக்கொண்டால் அதில் ஒரு பங்காவது திரும்ப வரலாம். எந்தச் செலவுக்கு, எவ்வளவு வரை என்று ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனைவி கேட்ட பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது நியாயம்தான், ஆனால் நிஜத்தில் தொந்தரவு வருவது பெயின்டில் இல்லை. வெளிச்சுவர் பெயின்ட், பேடியோ கூரை, வேலி, ஷெட் எல்லாவற்றுக்கும் ஒரு கமிட்டியிடம் விண்ணப்பம் போட வேண்டும். சர்வே வரைபடத்தில் எங்கே வருகிறது என்று கோடு போட்டு, நிறத்தின் மாதிரியை ஒட்டி அனுப்பினால் பெரும்பாலும் ஓகே ஆகிவிடும். 2021ல் திருத்திய சட்டப்படி, 40க்கு மேல் வீடுகள் உள்ள சங்கங்களில் போர்டு உறுப்பினரோ அவர் கணவன் மனைவியோ அந்தக் கமிட்டியில் இருக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், போர்டிடம் முறையிடலாம். எரிச்சல் வருவது சின்னச் சின்ன விஷயங்களில். குப்பை லாரி போன பிறகும் தொட்டி வாசலில் நிற்கும் போட்டோவோடு ஒரு கடிதம். கராஜ் பக்கம் காயப்போட்ட துணி தெருவிலிருந்து தெரிகிறது என்று ஒரு கடிதம். எழுதுவது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள் ஒருவர் காரில் மெதுவாக ஊர்ந்துகொண்டே போட்டோ எடுத்துவிட்டுப் போவார். நமக்கு உள்ள கேள்விகள் வேறு: வாசலில் மாவிலைத் தோரணம், கொல்லையில் துளசி மாடம், முன்பக்கம் ஒரு பிள்ளையார். இதில் டெக்சாஸ் சட்டம் உங்கள் பக்கம். 2011லேயே வாசற்கதவில் சிறிய அளவில் மத அடையாளங்களுக்கு அனுமதி இருந்தது, 2021ல் அந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்து வீடு, மனை முழுவதற்கும் விரித்துவிட்டார்கள். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, பாதுகாப்பு மாதிரி சில விஷயங்களில் மட்டும் சங்கம் மறுக்கலாம். சோலார் பேனல், மழைநீர்ப் பீப்பாய் இவற்றையும் ஒரேயடியாகத் தடுக்க முடியாது, வைக்கும் இடம், அளவு, தோற்றம் மாதிரி விஷயங்களில்தான் நிபந்தனை போடலாம். முருங்கை மரத்துக்கு மட்டும் எந்தச் சட்டமும் துணைக்கு வராது, அதை டெக்சாஸ் குளிரே பார்த்துக்கொள்ளும்.

கடிதம் வந்தால் பதறாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். சரிசெய்யக்கூடிய விஷயமாக இருந்தால் அபராதத்துக்கு முன்னால் அவகாசம் தர வேண்டும், நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள்களுக்குள் போர்டின் முன் விசாரணை கேட்கலாம். போர்டில் இருந்தபோது பார்த்தேன், எழுத்தில் பணிவாக, போட்டோவோடு பதில் போடுகிறவர்களின் அபராதம் பெரும்பாலும் ரத்தாகிவிடும். கோபத்தில் நாலு பக்கம் எழுதுகிறவர்களின் கோப்பு வக்கீலிடம் போய்விடும், வக்கீல் கட்டணமும் கடைசியில் அவர்கள் கணக்கில்தான் ஏறும்.

விசாவில் இருப்பவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, பெயின்டைவிட ஆயிரம் மடங்கு முக்கியம்: வாடகைக்கு விடலாமா? ஹெச்1பியில் இருக்கும் நம் ஆட்களில் பலர், வேலை போய் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த வீடுகளில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது, வாங்கி முதல் ஒரு வருடமோ இரண்டு வருடமோ விடவே கூடாது என்றெல்லாம் பல கம்யூனிட்டிகளில் விதி இருக்கிறது. வாடகைக்காரரின் கிரெடிட் ரிப்போர்ட்டைக் கேட்கவோ, அவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யவோ டெக்சாஸில் சங்கத்துக்கு உரிமை இல்லை, ஆனால் பத்திரத்தில் இருக்கும் வரம்பு வரம்புதான். வேலை போன பிறகு விசா தரும் அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, யார் கையில் சங்கம் இருக்கிறது. நீங்கள் பார்த்த புதுக் கம்யூனிட்டியில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் போர்டில் இருப்பவர்கள் டெவலப்பரின் ஆட்கள். திட்டமிட்ட மனைகளில் 75 சதவீதம் விற்று 120 நாள்களுக்குள், போர்டில் மூன்றில் ஒரு பங்கையாவது குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்க வழிசெய்ய வேண்டும் என்பது சட்டம். அதுவரை கட்டணத்தை டெவலப்பர் செயற்கையாகக் குறைத்து வைத்திருக்கலாம், பற்றாக்குறையைத் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்திருக்கலாம். அவர் விலகியதும் உண்மையான செலவு தெரியும், கட்டணம் ஏறும். இந்த 110 டாலரை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள்.

குடியிருப்பவர்கள் கைக்கு வந்த பிறகு மட்டும் என்ன வாழ்கிறது என்றால், ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கிளப்ஹவுஸில் வரிசையாக நாற்காலி போட்டிருப்பார்கள், முன் வரிசையில் ஓய்வுபெற்ற நாலு பேர், பின்னால் நாய் கழிவு பற்றிப் புகார் சொல்ல வந்த ஒருவர், மேஜையில் யாரும் தொடாத குக்கீ தட்டு. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லை என்று அறிவிப்பார்கள், உடனே ஒத்திவைத்து, குறைந்த கோரத்தில் மறுபடி கூட்டம் ஆரம்பிக்கும். நானூறு வீட்டின் பணத்தைக் கையாளப் போகிறவர் முப்பது ஓட்டில் ஜெயித்துவிடுவார். பெரும்பாலும் நல்லவர்கள், சம்பளமில்லாமல் திட்டு வாங்குகிறவர்கள். ஆனால் லாஸ் வேகாஸில் இந்த அசட்டையைத்தான் ஒரு கும்பல் பயன்படுத்திக்கொண்டது. பினாமிகள் பெயரில் வீடு வாங்கி, தேர்தலில் தில்லுமுல்லு செய்து, போர்டுகளைக் கைப்பற்றி, கட்டுமானக் குறை வழக்குகளையும் பழுதுபார்க்கும் ஒப்பந்தங்களையும் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். மத்திய அரசு தொடர்ந்த வழக்கில் 40க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நம் ஆட்கள் இப்போது இந்தப் பகுதிகளில் ஏராளமாக இருக்கிறோம், நவராத்திரி கொலுவுக்கு நூறு பேர் கூடுகிறோம், போர்டு தேர்தல் என்றால் ஒருவரைக் காணோம்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கும்போது சங்கம் இருந்தால், ஒப்பந்தத்தோடு அதற்கென ஒரு இணைப்புப் படிவம் வரும். சங்கத்தின் ஆவணங்களை விற்பவர் தர வேண்டும் என்று அதில் டிக் அடித்தால், அவை கைக்கு வந்த மூன்று நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அந்த ஆவணங்களில் ரீசேல் சர்டிஃபிகேட் என்று ஒன்று இருக்கும், அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அதில் ரிசர்வில் எவ்வளவு, சங்கத்தின் மேல் என்ன வழக்கு, இந்த வீட்டின் மேல் என்ன விதிமீறல் நிலுவையில் என்று பாருங்கள். பழைய ஓனர் அனுமதி வாங்காமல் போட்ட ஷெட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், சாவி கைமாறிய அன்று அது உங்கள் ஷெட், உங்கள் தலைவலி. பில்டரிடம் நேராக வாங்கினால் அவர்கள் சொந்த ஒப்பந்தம்தான், இந்த வசதியெல்லாம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே சி.சி.ஆரை வாங்கிப் படியுங்கள். அப்படியே அந்த இடம் எம்.யு.டி.யிலோ (தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான தனி வரி மாவட்டம்) பி.ஐ.டி.யிலோ (பொது வசதி மேம்பாட்டுக்கான தனி வசூல் மாவட்டம்) வருகிறதா என்றும் கேளுங்கள். அது ஹெச்.ஓ.ஏ. கட்டணம் இல்லை, தனி வசூல், சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு. கடன் கொடுப்பவரும் ஹெச்.ஓ.ஏ. கட்டணத்தை உங்கள் மாதச் சுமையில் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். 7 சதவீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் மாதம் 100 டாலர் கட்டணம் சுமார் 15,000 டாலர் கடன் தகுதியைத் தின்றுவிடும்.

பிளேனோ வீட்டில் முழு சுதந்திரம் என்றும் நினைக்க வேண்டாம். சங்கம் இல்லாவிட்டால் நகராட்சி இருக்கிறது, புல் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் நோட்டீஸ் ஒட்டும் நகரங்கள் டெக்சாஸில் பல. பக்கத்து வீட்டுக்காரர் ஓடாத காரை டிரைவ்வேயில் வைத்துப் பிரித்துப்போட்டால் நகராட்சிக்குத்தான் போன் போட வேண்டும், அவர்கள் வேகம் அவர்களுக்கு. அந்தத் தெருவில் ஒரு சனிக்கிழமை காலை நடந்து பாருங்கள், வீடுகள் இருக்கும் லட்சணமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

நான் என்றால், விசா நிலைமை உறுதியாக இல்லாதவரை பிளேனோ வீட்டுக்கே போவேன், வாடகைக்கு விடும் உரிமை ஒன்றுக்காகவே. கிரீன் கார்டு கையில் இருந்து, சின்னக் குழந்தைகளும் இருந்து, புதுக் கம்யூனிட்டியின் பட்ஜெட்டில் ரிசர்வுக்கு உருப்படியாக ஒரு தொகை ஒதுக்கியிருந்தால், தயங்காமல் அங்கே போங்கள், மாதம் 110 என்பது சில வருடத்தில் 150 ஆகும் என்று வைத்துக்கொண்டு. அப்படி வாங்கினால், ஹெச்.ஓ.ஏ. கட்டணம் பொதுவாக, சொத்துவரிக்கும் காப்பீட்டுக்கும் வங்கி மாதாமாதம் பிடித்துவைக்கும் வீட்டுக் கடன் எஸ்க்ரோவில் சேராது, வங்கி கட்டிவிடும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குடிவந்த வாரமே மேனேஜ்மென்ட் கம்பெனியின் தளத்தில் ஆட்டோபே போட்டுவிடுங்கள், எப்போதாவது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினால் உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுத்து, கிடைத்தது என்று அவர்களிடமிருந்து பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.